சுவரில் இல்லாத படம்

கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக. அதில் பொதிந்துள்ள கருத்துகளை அடையாளங்கண்டு கூறுக.

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்த ஊர் கோலா கெத்தில். கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தில் உள்ள இச்சிறு பட்டணத்தைச் சுற்றி ஒரு காலத்தில் எத்திசை நோக்கினாலும் இரப்பர்த் தோட்டங்களே தென்பட்டன. பொழுது விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால்மரம் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார்கள். 1990ஆம் ஆண்டளவில் நாட்டில் செம்பனையின் பரப்பு இரப்பரின் பரப்பை முந்தியது. மரங்கள் மாறின, பல தோட்டங்களில் லயங்களும் மறைந்தன. அங்கு வாழ்ந்தவர்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

மாணவர்களே, அந்தத் தலைமுறையினரின் வீடு ஒன்றை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். முன்னறைச் சுவரில் என்னென்ன படங்கள் மாட்டப்பட்டிருக்கும்? சாமி படங்கள் இருக்கும். திருமணப் படம் இருக்கும். பட்டணத்து நிழற்பட நிலையத்தில், வண்ணம் தீட்டிய திரைச்சீலைக்கு முன்னால் குடும்பமாக நின்று எடுத்த படமும் இருக்கலாம். அதில் பாட்டி பெட்டியிலிருந்து எடுத்த நல்ல சேலையைக் கட்டியிருப்பார். தாத்தா முழுக்கைச் சட்டை அணிந்து விறைப்பாக நின்றிருப்பார்.

இப்போது வேறொரு படத்தைத் தேடுங்கள். பாட்டி உளியைப் பிடித்து மரம் வெட்டும் படம் உண்டா? மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, வாளியில் ஊற்றித் தோளில் சுமந்து வரும் படம் உண்டா? பெரும்பாலான வீடுகளில் இல்லை. வாழ்நாளில் பாதியை எந்த வேலையில் கழித்தார்களோ அந்த வேலையைக் காட்டும் ஒரு படம்கூடச் சுவரில் இல்லை.

இதற்குக் காரணங்கள் பல. அக்காலத்தில் நிழற்படக் கருவி விலை உயர்ந்த பொருள். விடியற்காலையில் மரத்தடிக்கு வந்து படம் எடுக்க யாரும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அழுக்குச் சட்டையும் பால் கறை படிந்த கைகளும் படம் எடுக்கத் தக்கவையல்ல என்ற எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் சரியானதா? இக்கேள்வியைத் தம் வாழ்க்கையின் மையமாகக் கொண்ட ஒரு தமிழ் நிழற்படக் கலைஞரைப் பற்றி இனி அறிந்துகொள்வோம்.

அம்மா கொடுத்த கருவி

எம். பழனிக்குமார் தமிழ்நாட்டின் மதுரையைச் சேர்ந்தவர். அங்குள்ள ஜவகர்லால்புரம் என்னும் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். ஊர் உறங்கும் வேளையிலேயே எழுந்து சந்தைக்குப் போய், மீன் வாங்கி, அதைக் கூவி விற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பழனிக்குமார் பொறியியல் படித்தார். ஆனால், அவருடைய மனம் நிழற்படத்தில் பதிந்திருந்தது. முதலில் கைப்பேசியில்தான் படம் எடுத்துப் பழகினார். 2013ஆம் ஆண்டில் தாயாரின் துணையோடு, கடன்பட்டு, முதல் நிழற்படக் கருவியை வாங்கினார்.

மீன் விற்கும் ஒருவருக்குக் கடன் என்பது சிறிய சொல்லன்று. நாள்தோறும் வட்டி கட்ட வேண்டும். மழை பெய்தாலும், மீன் விலை போகாவிட்டாலும் கட்டியே தீர வேண்டும். மகன் பொறியியல் படித்துவிட்டு ஏன் ஓர் அலுவலகத்தில் போய் அமரவில்லை என்று அக்கம்பக்கத்தார் வியந்திருக்கக்கூடும். ஆயினும், தாயார் மகனின் விருப்பத்திற்குத் தடை போடவில்லை.

கருவி கைக்கு வந்த பிறகு பழனிக்குமார் படம் பிடித்தவர்களுள் முக்கியமானவர் அவருடைய தாயார். பட்டுச் சேலையில் அல்ல. மீன் சந்தையில், மீன் கூடைகளுக்கு நடுவில், உழைக்கும் கோலத்திலேயே அவரைப் படம் எடுத்தார். நம் வீட்டுச் சுவரில் இல்லாத படம் எதுவோ அந்தப் படத்திலிருந்தே அவருடைய கலை தொடங்கியது எனலாம்.

மண்ணுக்கு அடியில் நிகழும் மரணம்

2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்திற்குப் பழனிக்குமார் ஒளிப்பதிவு செய்தார். இப்படத்தை இயக்கியவர் திவ்யபாரதி. மனிதக் கழிவை மனிதர்களே கையால் அள்ளும் கொடுமையை இப்படம் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து பதிவு செய்தது.

இந்தியாவில் இவ்வேலைக்கு ஆள் அமர்த்துவது சட்டப்படி குற்றமாகும். 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 2013ஆம் ஆண்டில் அதனினும் கடுமையான மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2014ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இருந்தும், இறப்புகள் நின்றபாடில்லை. மூடிய குழிக்குள் தேங்கியிருக்கும் நச்சுவாயு ஒருவரை நொடிப்பொழுதில் மயங்கச் செய்துவிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் மடிந்து போவதுண்டு.

இத்தகைய வீடுகளுக்குப் பழனிக்குமார் கருவியோடு சென்றார். அங்கே அவர் கண்டது தந்தையை இழந்த குழந்தைகளை. ஒரு நாளிதழின் மூலையில் 'விஷவாயு தாக்கி இருவர் பலி' என்று ஒரு வரியில் முடிந்துவிடும் செய்திக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே புதைந்து கிடப்பதை அவருடைய படங்கள் காட்டின. 'நானும் ஒரு குழந்தை' என்னும் தலைப்பில் அவர் அப்படங்களைக் கண்காட்சியாக வைத்தார். எண்ணிக்கையாக மட்டுமே அறியப்பட்டவர்களுக்கு அப்படங்கள் முகம் கொடுத்தன.

மூச்சடக்கும் பெண்கள்

விருந்துகளில் நாம் விரும்பி உண்ணும் அகார்-அகார் எதிலிருந்து கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அது ஒரு வகைக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் அப்பாசியைச் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் படகில் தீவுகளை நோக்கிச் சென்று, கடலில் குதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் உள்ள பாறைகளிலிருந்து பாசியைப் பறிக்கிறார்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இல்லை. சேலையின்மீது சட்டை, விரல்களில் சுற்றிய துணி, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காலுக்கு இரப்பர்க் காலணி. இவையே அவர்களுடைய பாதுகாப்பு.

மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986ஆம் ஆண்டில் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளையும் அரிய உயிரினங்களையும் காப்பது இதன் நோக்கம். ஆனால், தலைமுறை தலைமுறையாக அக்கடலை நம்பி வாழும் பெண்களின் பிழைப்புக்கு இதனால் தடை ஏற்பட்டது. இயற்கையையும் காக்க வேண்டும். அதை நம்பி வாழும் ஏழைகளையும் காக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையில் சிக்கிக் கொண்டவர்கள் இப்பெண்கள்.

பழனிக்குமார் கரையில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பவில்லை. அவர்களோடு படகில் சென்றார். அவர்களுடைய நாளை அவர்களோடு கழித்தார். அவ்வாறு பிறந்த படங்களில் நாம் காண்பது இரங்கத்தக்க பெண்களை அல்ல. கடலின் போக்கை அறிந்த, உடலின் ஆற்றலை உணர்ந்த திறமைசாலிகளை. தூத்துக்குடி உப்பளங்களில் கொதிக்கும் வெயிலில் உப்பு வாரும் பெண்களையும் அவர் இவ்வாறே பதிவு செய்துள்ளார். நம் சமையலறைக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையைக் காட்டுவதே தம் பணி என அவர் கருதுவதை இப்படங்கள் உணர்த்துகின்றன.

தேடி வந்த சிறப்புகள்

'பாரி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஊரக இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகம் 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதனை நிறுவியவர் புகழ்பெற்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத். சிற்றூர் மக்களின் வாழ்க்கையைப் பல மொழிகளில் ஆவணப்படுத்திய இவ்வமைப்பில் பழனிக்குமார் நிழற்படக் கலைஞராகப் பணியாற்றியவர். உழைக்கும் பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களுமே அவருடைய படங்களின் நாயகர்கள்.

2022ஆம் ஆண்டில் 'தயாநிதா சிங் - பாரி ஆவண நிழற்பட விருது' முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதனைப் பெற்றவர் பழனிக்குமார். தயாநிதா சிங் உலகறிந்த இந்திய நிழற்படக் கலைஞர். அதே 2022ஆம் ஆண்டில் நிழற்படத் துறையின் மிக உயர்ந்த சிறப்புகளுள் ஒன்றான ஹாசல்பிளாட் விருதைப் பெற்றவர். அத்தகைய ஒருவரின் பெயரால் அமைந்த முதல் விருது, கடனுக்கு வாங்கிய கருவியோடு மீன் சந்தையில் படம் எடுக்கத் தொடங்கிய இளைஞரின் கைக்கு வந்தது.

விருது பெற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. நிழற்படக் கருவி எப்போதும் வெளியிலிருந்து வருபவரின் கையில்தான் இருக்க வேண்டுமா என்று சிந்தித்தார். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கருவியைக் கொடுத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார். அப்பிள்ளைகள் தங்கள் தெருவையும் தங்கள் தாய் தந்தையரின் உழைப்பையும் தாங்களே படம் பிடித்துக் கண்காட்சியில் வைத்தனர். மக்களைப் பற்றிய படங்கள் முதலில் அம்மக்களையே சென்றடைய வேண்டும் என்பதும் அவருடைய கொள்கையாகும்.

படம் எடுப்பவரின் பொறுப்பு

நிழற்படத்திற்குப் பெரும் ஆற்றல் உண்டு. அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பவர் 1908ஆம் ஆண்டு முதல் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர்களைப் படம் எடுத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்திற்கு அப்படங்கள் வலுவூட்டின. 1938ஆம் ஆண்டில் அந்நாட்டில் அதற்கு எதிராகத் தேசிய அளவில் சட்டமும் வந்தது.

ஆனால், அந்த ஆற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. 1936ஆம் ஆண்டில் டொரோத்தியா லாங் என்னும் கலைஞர் கலிபோர்னியாவில் பட்டினியால் வாடிய ஓர் ஏழைத் தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். அப்படம் உலகப் புகழ் பெற்றது. நாளிதழில் செய்தி வந்ததும் அம்முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. எனினும், அதற்குள் அத்தாய் குழந்தைகளோடு வேறிடம் போய்விட்டார். லாங் அவருடைய பெயரைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. 40 ஆண்டுகளுக்கும் மேலான பிறகே அவர் யார் என்று உலகம் அறிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார்.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் என்ன? ஒருவரைப் படம் எடுக்கும் முன் அவருடைய இசைவைக் கேட்க வேண்டும். அவருடைய பெயரையும் கதையையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்த படத்தை அவரிடம் காட்ட வேண்டும். அவர் விரும்பாத படத்தைப் பிறருக்குப் பகிரக்கூடாது. கைப்பேசி ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கும் இக்காலத்தில், இப்பொறுப்பு தொழில்முறைக் கலைஞர்களுக்கு மட்டுமன்று, நமக்கும் உரியது.

திருமணப் படம் எடுப்பவரும் விளம்பரப் படம் எடுப்பவரும் கலைஞர்களே. பட்டணத்து நிழற்பட நிலையங்கள் இல்லையென்றால், நம் முன்னோரின் முகங்களே நமக்குக் கிடைத்திருக்கமாட்டா. அவர்கள் எடுத்தது நாம் விரும்பிக் காட்டிய முகம். பழனிக்குமார் போன்றோர் எடுப்பது நாம் காட்டத் தயங்கிய முகம். ஒரு சமுதாயத்தின் வரலாறு முழுமை பெற இரண்டும் தேவை.

இன்னும் நேரம் இருக்கிறது

மீண்டும் கோலா கெத்திலுக்கு வருவோம். பால்மரம் வெட்டிய கைகள் முதுமை அடைந்துவிட்டன. ஆயினும், அக்கைகள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. பழைய உளி ஒன்று எங்காவது கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கலாம். கட்டிப்பாலின் வாடையையும் ஆயாக்கொட்டகையின் தாலாட்டையும் நினைவில் வைத்திருப்பவர்கள் நம் அருகிலேயே வாழ்கிறார்கள். மரம் வெட்டும்போது எடுக்காத படத்தை இனி எடுக்க இயலாது. ஆனால், அந்த உளியைக் கையில் கொடுத்து, "பாட்டி, எப்படி வெட்டுவீங்க? காட்டுங்க" என்று கேட்கலாம். அப்போது அந்த விரல்கள் தாமாகவே மடங்கி உளியைப் பிடிக்கும். அந்த நொடியைப் படம் எடுக்கலாம்.

இன்று உழைப்பவர்களும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். செம்பனைக் குலை அறுக்கும் அப்பா, தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகும் அம்மா, சந்தையில் காய்கறி விற்கும் அத்தை, பள்ளியைத் துப்புரவாக வைத்திருக்கும் அக்கா. இவர்களுள் யாருடைய படம் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறது? 40 ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேரப்பிள்ளை சுவரைப் பார்த்து, "இந்தப் படம் ஏன் இல்லை?" என்று கேட்காதிருக்க, அதை இன்றே எடுப்பது நம் கடமை.

சொற்பொருள்

பெரட்டு - தோட்டத்தில் வேலை தொடங்குமுன் தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்தல்
நிரை - மரங்கள் நடப்பட்டுள்ள வரிசை
லயம் - தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்
மங்கு - மரத்திலிருந்து வடியும் பாலை ஏந்தும் கிண்ணம்
கட்டிப்பால் - மங்கில் உறைந்துபோன இரப்பர்ப் பால்
ஆயாக்கொட்டகை - தாய்மார்கள் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளைப் பராமரிக்கும் இடம்
இசைவு - சம்மதம்

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டப்புற வீடுகளின் சுவர்களில் உழைப்பைக் காட்டும் படங்கள் இல்லாமற்போனதற்கான காரணங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. பழனிக்குமாரின் தாயார் அவருடைய கலைக்கு எவ்வாறு துணைநின்றார்?
3. 'எண்ணிக்கையாக மட்டுமே அறியப்பட்டவர்களுக்கு அப்படங்கள் முகம் கொடுத்தன.' இக்கூற்றை விளக்குக.
4. கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் எதிர்நோக்கும் சிக்கல் யாது? அதற்கு நீங்கள் கூறும் தீர்வு என்ன?
5. டொரோத்தியா லாங் எடுத்த படத்தின் வழி நாம் அறியும் படிப்பினையை எழுதுக.

நடவடிக்கை

உங்கள் குடும்பத்தில் அல்லது வட்டாரத்தில் உழைக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்திடுக. அவருடைய இசைவைப் பெற்று, வேலை செய்யும் கோலத்தில் அவரை ஒரு படம் எடுத்திடுக. அவருடைய வேலை நாளைப் பற்றிக் கேட்டறிந்து, படத்தின் கீழ் 80 சொற்களில் ஒரு குறிப்பு எழுதுக. படத்தையும் குறிப்பையும் முதலில் அவரிடமே காட்டிய பின்னர், வகுப்பில் படைத்திடுக.